அதிவேக வானூர்தியின் தோல் எவ்வளவு சூடாகும்? கையால் கணக்கிடக் கற்றுக்கொள்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஒலியைப்போல நான்கு மடங்கு வேகத்தில் பறக்கும் ஓர் ஆய்வு வானூர்தியின் உலோகத் தோல் எவ்வளவு சூடாகும்? இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் இதற்கு ஒரே ஓர் எண்ணை எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஓர் எண் கிடையாது. எந்த இடத்தில், எத்தனை விநாடி கழித்து, எவ்வளவு தடிமனான தகட்டில் என்ற மூன்றையும் சொன்னால்தான் விடை சொல்ல முடியும். அந்த விடையை ஒரு தாளிலும் ஒரு விரிதாளிலும் நீங்களே கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். மென்பொருள் இதைவிட நுணுக்கமாகக் கணக்கிடும், மறுக்கவில்லை. ஆனால் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காதவருக்கு மென்பொருள் தரும் விடை சரியா தப்பா என்று தெரியவே தெரியாது.

முதலில் ஒரு தெளிவு. இந்தச் சூட்டைப் பலரும் 'உராய்வு வெப்பம்' என்று சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். மூக்கு நுனியில் காற்று திடீரென்று நசுங்கி நிற்பதால் சூடாகிறது. பக்கவாட்டுத் தோலிலோ, மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய எல்லைப் படலத்துக்குள் காற்று தன் வேகத்தை இழக்கிறது, இழந்த இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. இரண்டு இடத்திலும் சூடாவது முதலில் காற்றுதான். அந்தக் காற்றிடமிருந்து உலோகம் எவ்வளவு விரைவாக வெப்பத்தை வாங்குகிறது என்பது தனிக் கேள்வி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தொடக்கத்தில் நிறையப் பிழைகள் வருகின்றன.

படி 1: பறப்புப் பாதையை எழுதிக்கொள்ளுங்கள்

நேரம், உயரம், வேகம் என்று மூன்று பத்திகள் போதும். ஒவ்வோர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை, அடர்த்தி, ஒலி வேகம் ஆகியவற்றைத் திட்ட வளிமண்டல அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 11 கி.மீ. முதல் 20 கி.மீ. வரை வெப்பநிலை மாறாமல் 216.65 கெல்வின், அதாவது மைனஸ் 56.5 டிகிரி செல்சியஸ், என்று அந்த அட்டவணை வைத்துக்கொள்கிறது. பழகுவதற்கு வசதியான உயரம் இது.

நம் எடுத்துக்காட்டு: உயரம் 20 கி.மீ., மாக் எண் (ஒலி வேகத்தைப்போல எத்தனை மடங்கு என்பது) 4. அங்கே அடர்த்தி கன மீட்டருக்கு 0.0889 கிலோ, ஒலி வேகம் விநாடிக்கு 295 மீட்டர். ஆகவே பறக்கும் வேகம் விநாடிக்கு 1,180 மீட்டர். கணக்கு முழுவதும் கெல்வினிலேயே இருக்கட்டும், கடைசியில் செல்சியஸுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

படி 2: காற்று எட்டக்கூடிய உச்சச் சூடு

காற்றை முழுவதும் நிறுத்திவிட்டால் அது எட்டும் வெப்பநிலைக்குத் தேக்கநிலை வெப்பநிலை என்று பெயர். மாக் எண்ணின் வர்க்கத்தை 0.2-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டி, சுற்றுக் காற்றின் வெப்பநிலையால் பெருக்கினால் அது கிடைக்கும். மாக் 2-இல் இது 390 கெல்வின், கிட்டத்தட்ட 117 டிகிரி. மாக் 3-இல் 333 டிகிரி. மாக் 4-இல் 637 டிகிரி. மாக் 5-இல் ஆயிரத்தைத் தாண்டிவிடும். சூடு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதன் வலிமையை இந்த வரிசையிலேயே பார்க்கலாம். கான்கார்டு பயணிகள் விமானம் மாக் 2-ஐ ஒட்டியே நின்றதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். அதன் உடல் அலுமினியக் கலவை, மூக்கு நுனிக்கு வைத்திருந்த வரம்பு 127 டிகிரி.

பக்கவாட்டுத் தோலுக்கு வந்தால், எல்லைப் படலத்துக்குள் உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதி வெளியே கசிந்துவிடும். அதனால் தோலை ஒட்டிய காற்று தேக்கநிலையை முழுவதும் எட்டாது. எட்டும் அளவுக்கு மீட்பு வெப்பநிலை என்று பெயர். கணக்கு அதே கணக்குதான், 0.2-உடன் ஒரு மீட்புக் காரணியையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். சீரான ஓட்டத்துக்கு (காற்று அடுக்கடுக்காக வழுக்கிச் செல்வது) அது ஏறக்குறைய 0.845, கொந்தளிப்பான ஓட்டத்துக்கு (சுழல்களோடு கலங்கிச் செல்வது) 0.89. நம் எடுத்துக்காட்டில் கொந்தளிப்புக்கு 834 கெல்வின் வருகிறது, அதாவது சுமார் 560 டிகிரி.

இந்த 560 என்பது தோலின் வெப்பநிலை அல்ல. வெளியிலிருந்து தோலை நோக்கி வெப்பத்தைத் தள்ளும் காற்றின் வெப்பநிலை. தோல் இதை நோக்கி ஏறும், எட்டுமா என்பது பின்னால் வரும் படிகளைப் பொறுத்தது.

படி 3: வெப்பம் எவ்வளவு விரைவாக உள்ளே போகிறது?

இதற்கு வெப்பப் பரிமாற்றக் கெழு வேண்டும், அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் போகிறது என்ற எண். எல்லைப் படலத்துக்குள் வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறுவதால், எந்த வெப்பநிலையில் அடர்த்தியையும் பாகுநிலையையும் (ஓட்டத்துக்குக் காற்று காட்டும் உள் எதிர்ப்பு) எடுப்பது என்ற சிக்கல் வருகிறது. வெப்பப் பரிமாற்ற அறிஞர் எர்ன்ஸ்ட் எக்கர்ட் தந்த குறிப்பு வெப்பநிலை முறை இதை அழகாகத் தீர்க்கிறது. சுற்றுக் காற்று, தோல் இரண்டின் வெப்பநிலைக்கும் சராசரி எடுங்கள். மீட்பு வெப்பநிலைக்கும் சுற்றுக் காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 0.22-ஆல் பெருக்கி அந்தச் சராசரியோடு கூட்டுங்கள். அவ்வளவுதான். எல்லாப் பண்புகளையும் இந்த வெப்பநிலையில் எடுத்துக்கொண்டு, வேகம் குறைந்த ஓட்டத்துக்கான பழைய சூத்திரங்களையே பயன்படுத்தலாம்.

தோல் 300 கெல்வினில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு வெப்பநிலை 394 கெல்வின். அந்த வெப்பநிலையில் அடர்த்தி 0.0489 ஆகக் குறைந்துவிடும். சதர்லாந்து சூத்திரப்படி பாகுநிலை ஒரு லட்சத்தில் 2.26 பங்கு பாஸ்கல்-விநாடி. முன்விளிம்பிலிருந்து 1 மீட்டர் தள்ளி ஒரு புள்ளியை எடுத்தால் ரெனால்ட்ஸ் எண் (அடர்த்தி, வேகம், தூரம் மூன்றின் பெருக்கத்தைப் பாகுநிலையால் வகுத்தது) சுமார் 25.5 லட்சம்.

கொந்தளிப்பு ஓட்டம் என்றால், 0.0592-ஐ ரெனால்ட்ஸ் எண்ணின் ஐந்தாம் மூலத்தால் வகுங்கள். உராய்வுக் கெழு 0.0031 வரும். அதில் பாதியை எடுத்து 1.25-ஆல் பெருக்குங்கள், அப்புறம் குறிப்பு அடர்த்தி, வேகம், காற்றின் தன்வெப்பமான (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஜூல்) 1,005 ஆகியவற்றால் பெருக்குங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு ஏறக்குறைய 113 வாட். மீட்பு வெப்பநிலைக்கும் தோலுக்கும் உள்ள 534 டிகிரி வித்தியாசத்தால் இதைப் பெருக்கினால், தொடக்கத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்குள்ளும் 60 கிலோவாட் போகிறது.

இது தட்டைத் தகட்டுக்கான கணக்கு. கூம்பு வடிவ முன்பகுதி என்றால், முதலில் அதிர்ச்சி அலைக்கு (காற்று திடீரென்று நசுங்கும் மெல்லிய பரப்பு) பின்னால் உள்ள அழுத்தம், வெப்பநிலை, வேகம் மூன்றையும் கூம்பு ஓட்ட அட்டவணையிலிருந்து எடுங்கள். பிறகு தகட்டு விடையைச் சீரான ஓட்டத்தில் 1.73 மடங்காகவும் கொந்தளிப்பில் ஏறக்குறைய 1.15 மடங்காகவும் உயர்த்துங்கள்.

படி 4: சீரா, கொந்தளிப்பா?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். அதே புள்ளிக்குச் சீரான ஓட்டம் என்று வைத்து (0.664-ஐ ரெனால்ட்ஸ் எண்ணின் வர்க்க மூலத்தால் வகுத்து) போட்டுப் பாருங்கள். கெழு 113-லிருந்து 15-க்கு இறங்கிவிடும், 60 கிலோவாட் எட்டுக்கும் கீழே போய்விடும். ஒரே இடம், ஒரே வேகம், ஒரே உயரம். ஓட்டத்தின் தன்மையைப் பற்றிய ஓர் அனுமானம் மட்டும் மாறியது, விடை ஏழெட்டு மடங்கு மாறிவிட்டது.

நான் கற்றுக்கொண்டிருந்த நாட்களில் பாகுநிலையை நான்காவது தசமம் வரை திருத்திக்கொண்டு இரண்டு நாள் செலவழித்தேன். ஓட்டம் எங்கே கொந்தளிப்பாக மாறும் என்று எங்குமே எழுதி வைக்கவில்லை. மூத்த பொறியாளர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டார். இப்போது எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் முதல் வரியில் அந்த அனுமானத்தை எழுதிவிடுகிறேன்.

மாற்றம் நிகழும் இடத்தைத் துல்லியமாகச் சொல்வது இன்றும் கடினம். தோலின் சொரசொரப்பு, மூக்கின் வட்டம், தாக்கு கோணம், ஒரு சிறிய தகட்டு மூட்டு என்று எதுவும் அதை முன்னால் இழுத்துவிடும். அமெரிக்காவின் எக்ஸ்-15 ஆய்வு விமானத்தில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. வெப்பத்தில் விரிவதற்கு இடம் வேண்டுமே என்று இறக்கையின் முன்விளிம்பில் சிறு பிளவுகள் விட்டிருந்தார்கள். அந்தப் பிளவுகளே ஓட்டத்தைக் கலைத்துவிட்டன. ஒவ்வொரு பிளவுக்கும் பின்னால் தோல் கூடுதலாகச் சூடாகி நெளிந்துபோனது. பிறகு பிளவுகளின் மேல் சிறு உலோகப் பட்டைகளை வைத்து மூடினார்கள். வெப்பத்தைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடே வெப்பத்தைக் கூட்டிய கதை இது.

ஆகவே என் பரிந்துரை: இரண்டு விதமாகவும் கணக்கிடுங்கள். தோலின் தடிமனைத் தீர்மானிக்கக் கொந்தளிப்பு விடையை எடுங்கள். சீரான ஓட்டத்தின் விடையை வைத்து எடையைக் குறைக்க ஆசை வந்தால், அதற்குச் சோதனை ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

படி 5: நேரத்தை ஓடவிடுங்கள்

தகட்டின் அடர்த்தி, தன்வெப்பம், தடிமன் மூன்றையும் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் தோலை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஆற்றல் கிடைக்கும். 2 மி.மீ. டைட்டானியக் கலவைக்கு அது சுமார் 4,960 ஜூல். 60 கிலோவாட்டை இதனால் வகுத்தால், முதல் விநாடியில் 12 டிகிரி ஏறுகிறது.

இப்போது அதே 2 மி.மீ. அலுமினியத் தகட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 4,890 ஜூல். ஏறக்குறைய அதே எண்! டைட்டானியம் கனமானது, ஆனால் தன்வெப்பம் குறைவு, இரண்டும் ஈடுகட்டிவிடுகின்றன. இரண்டு தகடும் ஒரே வேகத்தில்தான் சூடாகும். வித்தியாசம் தாங்கும் வரம்பில் இருக்கிறது. சாதாரண அலுமினியக் கலவைகள் 150 டிகிரியைத் தாண்டினால் வலு இழக்கத் தொடங்கும், டைட்டானியக் கலவை 400 டிகிரி அளவுக்கும் தாக்குப்பிடிக்கும். நம் எடுத்துக்காட்டில் அலுமினியத் தகடு சுமார் 12 விநாடியில் 150-ஐத் தொட்டுவிடுகிறது. பறப்பு 8 விநாடிதான் என்றால் வலுவைப் பொறுத்தவரை அலுமினியமே போதும் (நெளிவு பற்றிப் படி 9-இல் பார்ப்போம்). நிமிடக்கணக்கில் என்றால் அதை மறந்துவிட வேண்டியதுதான்.

விரிதாளில் இதைச் செய்வது எளிது. ஒரு விநாடிக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் புதிய தோல் வெப்பநிலையை வைத்துக் குறிப்பு வெப்பநிலையையும் கெழுவையும் மறுபடி கணக்கிடுங்கள். தோல் சூடாகச் சூடாகக் கெழு இறங்கும். 300 கெல்வினில் 113 ஆக இருந்தது 700 கெல்வினில் 86 ஆகிவிடுகிறது. இதை மாறாமல் வைத்தால் தோல் உள்ளபடி இருப்பதைவிடச் சூடாகத் தெரியும். பத்து விநாடி கழித்து உங்கள் தாளில் 130 டிகிரி அளவில் வந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

இந்த முறை தகடு முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. அதைச் சரிபார்க்கக் கெழுவைத் தடிமனால் பெருக்கி, உலோகத்தின் வெப்பக் கடத்துதிறனால் வகுங்கள். விடை 0.1-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 2 மி.மீ. டைட்டானியத்துக்கு 0.03 வருகிறது. அதுவே 10 மி.மீ. என்றால் 0.16. அப்போது தகட்டைப் பல அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

படி 6: தோல் திருப்பித் தருவதையும் கழியுங்கள்

சூடான தோல் கதிர்வீச்சாக வெப்பத்தை வெளியே அனுப்புகிறது. வெப்பநிலையின் நான்காம் அடுக்கோடு இது கூடுவதால் 150 டிகிரியில் பெரிதாகத் தெரியாது, 400 டிகிரியில் கணக்கையே மாற்றிவிடும். உமிழ்திறன் (முழுமையான கறுப்புப் பரப்போடு ஒப்பிட்டால் எவ்வளவு கதிர்வீசுகிறது என்பது) 0.8 என்றால் நம் தோல் 700 கெல்வினில் சதுர மீட்டருக்கு 10.9 கிலோவாட்டைத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் இடம் சுமார் 430 டிகிரி. எவ்வளவு நேரம் பறந்தாலும் அந்தத் தோல் 560-ஐத் தொடப்போவதில்லை.

மேற்பூச்சின் நிறம் பற்றி ஒரு சுவையான விஷயம். கான்கார்டு வெள்ளை, எஸ்ஆர்-71 உளவு விமானம் கறுப்பு. இரண்டிலும் வெப்பம் ஒரு காரணம். கான்கார்டு தோலின் வெப்பநிலையில் வெளியேறும் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் அளவுதான், மேலிருந்து அடிக்கும் வெயிலும் அதே அளவு. அதனால் வெயிலைத் திருப்பிவிடும் வெள்ளை தேவைப்பட்டது. 1996-இல் ஒரு கான்கார்டுக்கு விளம்பரத்துக்காக நீலம் பூசியபோது மாக் 2-இல் 20 நிமிடத்துக்கு மேல் பறக்க வேண்டாம் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். எஸ்ஆர்-71-இன் தோலோ 260 டிகிரிக்கு மேல் போகும். அங்கே வெளியேறும் கதிர்வீச்சு நான்கு கிலோவாட் அளவு, வெயில் அதன் முன்னால் சிறிது. ஆகவே நன்றாக உமிழும் கறுப்பு லாபமானது.

படி 7: மூக்கும் முன்விளிம்பும்

இங்கே வெப்பப் பாய்வு வளைவின் ஆரத்தின் வர்க்க மூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆரத்தை நான்கில் ஒரு பங்காக்கினால் சூடேற்றம் இரட்டிப்பாகும். கூரான மூக்குதான் அதிவேகத்துக்கு ஏற்றது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1950-களின் தொடக்கத்தில், அமெரிக்கப் பொறியாளர் ஜூலியன் ஆலன் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். மொட்டையான மூக்கு தனக்கு முன்னால் வலுவான அதிர்ச்சி அலையை எழுப்பி, பெரும்பகுதி வெப்பத்தைக் காற்றிலேயே விட்டுவிடும் என்பது அவருடைய கருத்து. பூமிக்குத் திரும்பும் விண்கலங்கள் அகன்ற, மொட்டையான அடிப்பாகத்தோடு இறங்குவதற்கு மூலம் அதுதான்.

விண்வெளியிலிருந்து திரும்பும் கலத்துக்குச் சட்டன்-கிரேவ்ஸ் சூத்திரம் விரைவான மதிப்பீடு தரும். அடர்த்தியை மூக்கு ஆரத்தால் வகுத்து வர்க்க மூலம் எடுங்கள். வேகத்தின் கனத்தாலும் 0.000174 என்ற மாறிலியாலும் பெருக்குங்கள். 70 கி.மீ. உயரம், விநாடிக்கு 7.5 கி.மீ. வேகம், 1 மீட்டர் ஆரம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 67 வாட். உமிழ்திறன் 0.85 என்று வைத்து, கதிர்வீச்சு மட்டுமே அதைச் சமன்செய்ய வேண்டுமானால் மேற்பரப்பு 1,650 டிகிரிக்கு ஏறும். விண்வெளி ஓடத்தின் மூக்குக்கும் இறக்கை முன்விளிம்புக்கும் வலுவூட்டிய கார்பன்-கார்பன் தேவைப்பட்டது ஏன் என்று இந்த ஒரு வரிக் கணக்கே காட்டிவிடுகிறது.

படி 2-இன் சூத்திரத்தை இந்த வேகங்களுக்குக் கொண்டுபோகாதீர்கள். காற்றின் தன்வெப்பம் 800 கெல்வினுக்கு மேலேயே ஏறத் தொடங்கும். இன்னும் மேலே ஆக்சிஜன் மூலக்கூறுகளும் பிறகு நைட்ரஜன் மூலக்கூறுகளும் உடைந்து ஆற்றலை விழுங்கும். மாக் 5 வரை நம் எளிய வழி நன்றாகவே ஓடும்.

படி 8: அலைகள் மோதும் இடங்களைக் குறியுங்கள்

வானூர்தியின் வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு துருத்தலிலிருந்தும் கிளம்பும் அதிர்ச்சி அலை எங்கே போய் விழுகிறது என்று கோடு போடுங்கள். துடுப்பின் அடி, தொங்கவிட்ட பொருளின் தாங்கி, கட்டுப்பாட்டுப் பரப்பின் மடிப்பு ஆகியவை முதல் சந்தேகத்துக்குரியவை. 1967 அக்டோபர் 3 அன்று வில்லியம் நைட் எக்ஸ்-15-ஐ மாக் 6.7 வரை ஓட்டினார். அடித்துடுப்பில் ஒரு போலி ராம்ஜெட்டை (ஒரு வகை ஜெட் எந்திரத்தின் மாதிரி) பொருத்தியிருந்தார்கள். அதிலிருந்து எழுந்த அலைகள் துடுப்பில் மோதிய இடத்தில் வெப்பம் பன்மடங்காகி உலோகத்தில் ஓட்டைகள் விழுந்தன, ராம்ஜெட்டும் கழன்று விழுந்தது. அந்தப் பறப்புக்கென்று விமானம் முழுவதும் கரைந்து காக்கும் பூச்சு வேறு பூசியிருந்தார்கள். தட்டைத் தகட்டுக் கணக்கு இந்த இடங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. காற்றுச் சுரங்கச் சோதனைக்கும் விரிவான கணினிக் கணக்குக்கும் செலவழிக்கப் பணமும் நேரமும் கொஞ்சம்தான் என்றால், அதை இங்கே செலவழியுங்கள்.

படி 9: வெப்பநிலையைத் தகைவாக மாற்றுங்கள்

கட்டமைப்புப் பொறியாளருக்கு இதுவரை வந்ததெல்லாம் முன்னுரைதான். தோல் விரைவாகச் சூடாகிறது, உள்ளே இருக்கும் சட்டம் குளிராகவே இருக்கிறது. தோல் விரியப் பார்க்கிறது, சட்டம் விடுவதில்லை. விரிவைத் தடுத்துவிட்டால் எழும் தகைவு (உலோகத்துக்குள் ஒரு பரப்பளவுக்கு எழும் விசை), யங் குணகம் (உலோகத்தின் விறைப்பு), விரிவுக் கெழு, வெப்பநிலை வித்தியாசம் மூன்றின் பெருக்கம். 100 டிகிரி வித்தியாசத்துக்கு அலுமினியத்தில் சுமார் 165 மெகாபாஸ்கல், டைட்டானியத்தில் 98. டைட்டானியத்தின் விரிவுக் கெழு குறைவு, அதனால் இந்தப் படியிலும் அது முந்துகிறது.

ஆனால் தகடு உடைவதற்கு வெகுமுன்பே நெளிந்துவிடும். 150 மி.மீ. இடைவெளியில் சட்டங்கள், நடுவில் 2 மி.மீ. அலுமினியத் தோல், நீளவாக்கில் விரிய வழியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரங்கள் எளிய தாங்கலில் (மேலும் கீழும் நகராது, ஆனால் திரும்பலாம்) இருந்தால், சட்டத்தைவிட வெறும் 28 டிகிரி கூடுதலாகச் சூடானாலே அது நெளியத் தொடங்கும். டைட்டானியத்துக்கு அந்த எல்லை 75 டிகிரி. நம் தோல் விநாடிக்கு 12 டிகிரி ஏறுகிறது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அலுமினியத்துக்கு மூன்று விநாடிகூட இல்லை. நெளிந்த தோல் ஓட்டத்துக்குள் மேடாக நீட்டிக்கொண்டு நிற்கும், அந்த மேடு இன்னும் சூடாகும். எஸ்ஆர்-71-இன் இறக்கைத் தோலில் முன்பின்னாக வரி வரியாக மடிப்புகள் விட்டதற்குக் காரணம் இதுதான். தோல் தாறுமாறாகச் சுருளாமல் அந்த மடிப்புகளுக்குள்ளேயே விரிந்துகொண்டது.

ஆகவே உச்ச வெப்பநிலையை மட்டும் எடுத்துக் கட்டமைப்புக் குழுவிடம் கொடுக்காதீர்கள். தோலுக்கும் சட்டத்துக்கும் வித்தியாசம் எந்த விநாடியில் மிக அதிகம் என்று விரிதாளில் தேடி, அந்த விநாடியின் இரண்டு வெப்பநிலைகளையும் அப்போதுள்ள காற்றுச் சுமையையும் சேர்த்துக் கொடுங்கள். பெரும்பாலும் அது உச்சச் சூட்டுக்கு முன்பே, வேகம் ஏறிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும்.